சுகர் கிளைடருக்குக் கூடு: ஓட்டையில்தான் எல்லாம் இருக்கிறது

ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. அதனால் யூகலிப்டஸில் ஒரு பொந்து விழ வேண்டும் என்றால் கிளை முறிந்து, பூஞ்சையும் கரையானும் உள்ளே அரித்து, நூறு வருடம்கூட ஆகிவிடும். பழைய மரங்களை வெட்டித் தள்ளிய இடங்களில், இரவில் மரம் விட்டு மரம் சறுக்கிப் போகும் சுகர் கிளைடர் என்ற இந்த நூறு கிராம் சொச்சம் உயிருக்குப் பகலில் தூங்க இடமில்லை. மெல்பர்ன், சிட்னி பக்கம் வீட்டுக்குப் பின்னால் பெரிய மரம் இருந்தால் அதற்குக் கூடாக ஒரு மரப்பெட்டி மாட்டிப் பாருங்கள். டாஸ்மேனியாவில் மட்டும் வேண்டாம். அங்கே அது வெளியிலிருந்து வந்த விலங்கு, அழியும் நிலையில் இருக்கும் ஸ்விஃப்ட் கிளிகளைக் கூட்டிலேயே தின்றுவிடுகிறது.

பலகை தடிமனாக, மருந்து ஏற்றாததாக இருக்கட்டும். மெல்லிய பலகை என்றால் கோடையில் பெட்டி அடுப்பாகிவிடும். அடிப்பாகம் 20 செ.மீ. சதுரம், உயரம் 40 செ.மீ. போதும். தண்ணீர் வடிய அடியில் நாலு துளை, குட்டிகள் ஏறி வர உள்சுவரில் ரம்பத்தால் குறுக்குக் கீறல்கள்.

அப்புறம் வாசல். 40 முதல் 45 மி.மீ., அதற்கு மேல் ஒரு இழைகூட வேண்டாம், பெரிதாக்கினால் பிரஷ்டெயில் பாஸம் (possum) என்ற பெரிய மரவிலங்கு புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஓட்டையை முன்பக்கம் போடாமல் மரத்தைப் பார்த்த பக்கம் போட்டு, பெட்டிக்கும் மரத்துக்கும் நடுவே சின்னக் கட்டை கொடுத்து இடைவெளி விடுங்கள். கிளைடர் தண்டைப் பிடித்து ஏறி நேரே உள்ளே போகும், மைனாவுக்கு அது தோதுப்படாது.

நாலைந்து மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். நம் ஊர்த் திசைக் கணக்கு இங்கே செல்லாது, வெயில் வடக்கிலிருந்து அடிக்கும், எனவே தண்டின் தென்கிழக்குப் பக்கம் நல்லது. ஆணி அடிக்காமல், பழைய தோட்டக் குழாய்க்குள் கம்பியைக் கோத்துத் தளர்வாகக் கட்டினால் மரம் பருக்கவும் இடம் இருக்கும்.

சரி, குடி வந்ததா என்று எப்படித் தெரியும்? மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். இருட்டும் நேரத்தில் தள்ளி நின்று, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு காத்திருங்கள். வாலைச் சுருட்டி அதில் இலைக்கொத்தை இடுக்கிக்கொண்டு தண்டில் ஏறினால் படுக்கை போடுகிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டில் பூனை இருந்தால் அன்றிலிருந்தாவது ராத்திரியில் உள்ளே பூட்டி வையுங்கள். வண்டுகள் போல ரீங்காரம் கேட்டால் அது தேனீ, கிட்டே போகாமல் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள்.