நாகர்கோவில்ல இருந்து போய் பெங்களூர்ல ஒரு நாள் ஒயின் டூர்

மக்கா, நாகர்கோவில்ல ராத்திரி ரயில் ஏறி காலைல பெங்களூர்ல இறங்குன அன்னைக்கே டூர் வச்சுக்காதீங்க, ரயில் லேட்டானா வேன் நிக்காது, மறுநாளைக்கு புக் பண்ணுங்க. நந்தி மலை அடிவாரத்துல தொட்டபள்ளாபுரம் பக்கம் குரோவர் ஜாம்பாங்கிற ஒயின் கம்பெனியோட திராட்சைத் தோட்டம் இருக்கு, அந்தப் பக்கம் கைடோட வேன்லயே போங்க, குடிச்சிட்டு வண்டி ஓட்டுற பேச்சே வேண்டாம். ஐடி கார்டு கட்டாயம். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் போனா அறுவடையும் பாக்கலாம்.

கைடு சொல்றத நல்லா கேளுங்க, நம்ம ஊர்ல அக்கானி, அதான் பதநீர், புளிக்காம இருக்க கலயத்துல சுண்ணாம்பு தடவுவோம்லா, இங்க அதுக்கு நேர் எதிர், திராட்சைச் சாறுல இருக்க சர்க்கரைய ஈஸ்ட் தின்னு ஆல்கஹால் ஆக்கணும், செவப்பு ஒயினுக்கு தோலோடயே புளிக்க விடுவாங்க, நிறம் அந்தத் தோல்ல இருந்துதான் வருது, வெள்ளைக்கு முதல்லயே பிழிஞ்சு தோல எடுத்துருவாங்க. எனக்கு டூர்லயே ரொம்ப புடிச்சது இந்த இடம்தான்.

வெறும் வயித்துல போவாதீங்க, இட்லியோ ரெண்டு மட்டி வாழைப்பழமோ சாப்பிட்டுட்டு போங்க, காரம் வேண்டாம், நாக்கு மரத்துரும். டேஸ்டிங்ல வெள்ளை முதல்ல, செவப்பு கடைசில. கிளாஸ காம்புல புடிச்சு லேசா சுத்தி மோந்து பாத்துட்டு சின்ன வாய் குடிங்க. துப்புறதுக்கு பாத்திரம் வச்சிருப்பாங்க, துப்பினா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. இடையில தண்ணி நிறைய குடிங்க. பாட்டில் வாங்கி ஊருக்கு கொண்டுவர நினைக்காதீங்க, மாநிலம் தாண்டுனா சட்டம் கறாரு.