கறுப்புக் காரில் கிளே பார்: கீறலை வரவழைக்கும் தவறுகள்

கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்கும் கறுப்பு மைவி காரின் பானட்டை உள்ளங்கையால் தடவினால், சில நேரம் மணற்தாளைத் தொட்டதுபோல நரநரக்கும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கை விரல் காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு ஈரமான பெயிண்ட்மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தட்டுப்படும். ஷாம்புக்கு அசையாத இந்தத் துகள்களைப் பிடித்து இழுக்கத்தான் கிளே பார் என்ற பிசையக்கூடிய களிக்கட்டி இருக்கிறது.

வெள்ளைக் காரில் இந்த வேலையைக் கொஞ்சம் அசட்டையாகச் செய்தாலும் தப்பிக்கலாம். கறுப்பிலும் கருநீலத்திலும் முடியாது. நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு எந்த நிறத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலான கார்களில் அது 40 முதல் 50 மைக்ரான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. அதில் விழும் கீறல் வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளை நூல்போல மின்னும். வெள்ளைப் பின்னணி அதை மறைத்துவிடும், கறுப்போ எடுத்துக்காட்டும். கீறுவது பெரும்பாலும் கிளே அல்ல, கிளேயில் மாட்டிக்கொண்ட மணலும் இரும்பும்தான். அதனால் கறுப்புக் காரில் கிளேக்கு எவ்வளவு குறைவாக வேலை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

கழுவியதும் நேராகக் கிளேயை எடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. கடையில் நுரை அடித்துக் கழுவும் ஸ்னோ வாஷ் முடித்துக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் கிளே போடுகிறவர்கள் பலர். நாள் முழுக்கப் பல கார்களைத் துடைத்த துணி உங்கள் காரிலும் மணலை விட்டிருக்கலாம். வீட்டில் ஒருமுறை, இரண்டு வாளி வைத்து, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசும் வெறும் தண்ணீர்.

அடுத்து இரும்புத் தூள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி நிறுத்தும் கார்களிலும், பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகளுக்குத் தினமும் போய்வரும் கார்களிலும் இது நிறைய ஒட்டியிருக்கும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் பிரேக்கை மிதித்து மிதித்து நகரும் கார்களுக்கும் இதே கதிதான், ஏனென்றால் பிரேக் தூளிலும் இரும்பு உண்டு. இதைக் கிளேயால் பிடுங்கினால் ஒவ்வொரு துகளும் கூர்முனையோடு கிளேயில் ஏறிக்கொள்ளும், பிறகு பானட் முழுக்க அதோடுதான் பயணம். அதற்குப் பதில் அயர்ன் ரிமூவர் அடியுங்கள். இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக வழியும். மூன்று முதல் ஐந்து நிமிடம், போத்தலில் போட்டிருப்பதற்கு மேல் போகாமல் விட்டு, காய்வதற்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், கையுறை அவசியம். ஊதா மிக அதிகமாக வழிந்தால் இன்னொரு முறை அடிக்கலாம்.

சக்கரத்துக்குப் பின்னால் கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும் தாருக்குத் தார் ரிமூவர் தனியாக உண்டு. கறுப்புக் காரில் தார் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் அதைத் தேடுவதே இல்லை, கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டுமான இடத்திலிருந்து தெறித்த சிமெண்டைக் கிளேயால் தொடவே கூடாது. அது இறுகிய மணல். சிமெண்ட் கரைக்கும் திரவத்தால் இளக்கி எடுப்பதுதான் வழி. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திய காரின் பிசினையும் முதலில் ஊறவைத்து இளக்கிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு மறுபடி தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் கிளேயே வேண்டாம். நரநரக்கும் இடம் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் போதும். கார் முழுக்கப் போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கிளேயில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று வகைகள் உண்டு. சீக்கிரம் முடியுமே என்று கடினமானதை எடுத்தால் கறுப்பில் மங்கலான திரை படியும். மென்மையானதையே வாங்குங்கள். 100 கிராம் கட்டியை நான்காக வெட்டி, ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கி, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். மீதியைத் தொடாமல் வைத்திருங்கள், தேவைப்படும். கையில் மாட்டிக்கொள்ளும் கிளே மிட் வேலையைச் சுருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் எதைப் பிடித்தது என்று விரலுக்குத் தெரியாது, கறுப்புக்கு அது ஒத்துவராது.

கிளே வழுக்கிக்கொண்டு நகர அடிக்கும் வழுக்கு நீரில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். வெறும் தண்ணீர் போதாது. பாத்திரம் கழுவும் சோப்பு வேக்ஸைக் கரைக்கும், சில கிளேக்களை நொறுங்கவும் வைக்கும். கிளேக்கென்றே விற்கும் ஸ்பிரே நல்லது. அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் வைத்திருந்தால் 1 பங்குக்கு 64 பங்கு தண்ணீர், அதாவது 1 லிட்டருக்குச் சுமார் 15 மில்லி, ஒரு மேசைக்கரண்டி அளவு கலந்து அடிக்கலாம். இரண்டடிக்கு இரண்டடி பகுதியைத் தாராளமாக நனையுங்கள், கிளேயையும் நனையுங்கள். சிறிய காருக்கே 1 லிட்டர் வரை தீர்ந்தால் அது வீணில்லை.

அழுத்தக் கூடாது. இரண்டு மூன்று விரல் நுனியின் கனமே போதும். வட்டமாகத் தேய்க்காமல் காரின் நீளவாக்கில் நேராக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தப்பித் தவறி மெல்லிய கீறல் விழுந்தாலும் நேர்கோடு சில கோணத்தில்தான் தெரியும், வட்டம் எந்தப் பக்கம் நின்றாலும் கண்ணைக் குத்தும். தொடக்கத்தில் சரசரவென்று சத்தம் வரும், பிடித்து இழுப்பதுபோல இருக்கும். அது நின்று வழுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். வழுக்கும் இடத்தில் இன்னும் தேய்ப்பதால் ஆவது ஒன்றுமில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கிளேயைத் திருப்பிப் பாருங்கள், அழுக்கு தெரிந்தால் உள்ளே மடித்துச் சுத்தமான முகத்தை வெளியே கொண்டு வாருங்கள். மடிக்க இடமில்லாமல் கறுத்துப்போனால் அந்தத் துண்டின் ஆயுள் முடிந்தது.

கீழே விழுந்த கிளேயும் அப்படியே. எவ்வளவு புதிதாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும். கழுவினால் மணல் போகாது, உள்ளே புதைந்துகொள்ளும். நான்காக வெட்டச் சொன்னது இதற்காகத்தான்: விழுந்தால் 25 கிராமோடு போகும். கதவின் கீழ்ப்பகுதி, பம்பரின் அடி, சக்கர வளைவு இவற்றைக் கடைசியில், தனித் துண்டால் செய்யுங்கள். அந்தத் துண்டு மறுபடி பானட்டுக்கு ஏறவே கூடாது.

நம் ஊர் வெயிலில் நிற்கும் கறுப்பு பானட்மேல் அடித்த வழுக்கு நீர் நொடியில் காய்ந்துவிடும், கிளேயும் உருகி அப்பிக்கொள்ளும். புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாத சூட்டில் தொடங்காதீர்கள். கோலாலம்பூரில் பிற்பகல் என்றால் வெயில் அல்லது இடிமழை, இரண்டும் ஆகாது. நிழல் இருந்தால் காலை ஏழரையிலிருந்து பத்துக்குள் முடித்துவிடலாம். ஓட்டி வந்த கார் என்றால் எஞ்சின் சூடு தணிய ஒரு மணி நேரம் விடுங்கள்.

மழைத்துளி காய்ந்து விழுந்த வட்டத் தழும்புகளை எடுக்கப் பலர் கிளேயை அழுத்தித் தேய்க்கிறார்கள். மேலே படிந்த உப்பு கொஞ்சம் வரலாம். கிளியர் கோட்டை அரித்துவிட்ட தழும்பு ஒரு பள்ளம், பள்ளத்தைக் கிளேயால் எடுக்க முடியாது. அதற்கு வாட்டர் ஸ்பாட் ரிமூவர், அதிலும் போகாவிட்டால் போலிஷ். பழைய சுழல் கீறல்களுக்கும் இதே பதில்தான்.

கதவுகளுக்கு நடுவே இருக்கும் பளபளப்புக் கறுப்புப் பிளாஸ்டிக் தூணைத் தொடாதீர்கள், மெல்லிய துணிக்கே கீறும். மேட் பெயிண்ட், பளபளப்பில்லாத கறுப்பு டிரிம், பாதுகாப்புப் படலத்தின் ஓரங்கள் ஆகியவற்றுக்கும் கிளே வேண்டாம். பட்டறையில் புதிதாக அடித்த பெயிண்டுக்குக் குறைந்தது ஒரு மாதம் பொறுத்து, அடித்தவரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். செராமிக் கோட்டிங் போட்ட காரில் கிளே அந்தப் பூச்சையே மங்கவைக்கலாம், அங்கே திரவங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முழுக் காரில் இறங்குமுன் காரின் பின்பக்கச் சாமான் பெட்டி மூடியின் ஓரத்தில் ஓரடி இடத்தில் செய்து, கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மெல்லிய மங்கல் தெரிந்தால் பிறகு ஃபினிஷிங் போலிஷும் மென்மையான பஞ்சு பேடும் தேவைப்படும். அதற்கு நேரமோ கருவியோ இல்லையென்றால் அன்றைக்குக் கிளேயை ஒத்திப்போடுங்கள். வேக்ஸ் பூசி மறைத்தால் வேக்ஸ் கரையும்போது மங்கலும் திரும்பிவிடும்.

கிளே பழைய வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும், பெயிண்ட் அம்மணமாக நிற்கும். இந்த வெயிலில் மைனா எச்சம் அரிக்க சில மணி நேரம் போதும். அன்றைக்கே வேக்ஸோ சீலண்டோ பூசிவிடுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் இரவு கிளே மட்டும் போட்டு, பாதுகாப்பு எதுவும் இல்லாமல் காரை வெளியே விடுவது வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும். மீதித் துண்டுகளை வழுக்கு நீர் தெளித்து, மூடி இறுகிய டப்பாவில் வீட்டுக்குள் வையுங்கள். காரின் சாமான் பெட்டியில் வைத்தால் சூட்டில் இளகி டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும்.