நாடியை எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைக்கே புரியும்

"ஓடியாடினா உடம்புக்கு நல்லது" என்று எத்தனை முறை சொன்னாலும் எட்டு வயதுப் பிள்ளையின் காதில் ஏறாது. தன் உடம்பில் நடப்பதைத் தானே எண்ணிப் பார்த்தால் ஏறும்.

வேண்டியவை மூன்றே: ஸ்கிப்பிங் கயிறு, விநாடி முள் உள்ள கடிகாரம், ஒரு நோட்டு. கயிற்றின் நடுவை ஒரு காலால் மிதித்து இழுத்தால் இரண்டு பிடியும் பிள்ளையின் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளமானால் துவண்டு காலில் சிக்கும். சிமெண்ட் தரையைவிட மண் தரை முழங்காலுக்கு நல்லது. வேலூர் வெயிலில் காலை 8 மணிக்குள், இல்லையென்றால் மாலை 5 மணிக்கு மேல்தான்.

முதலில் பிள்ளை 5 நிமிடம் சும்மா உட்காரட்டும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள்: 22 என்றால் நிமிடத்துக்கு 88. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுவாக 70 முதல் 100 வரை இருக்கும்.

அடுத்து 2 நிமிடம் கயிறு தாண்டட்டும். நின்ற உடனே எண்ண வேண்டும். நாடியைத் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும். மணிக்கட்டில் கிடைக்காவிட்டால் இடது மார்பில் உள்ளங்கையை வைக்கலாம். 2 நிமிடம் ஓய்வெடுத்து மூன்றாவது முறை எண்ணுங்கள்.

பாடமே இந்த மூன்றாவது எண்ணில்தான் இருக்கிறது. தினமும் ஆடும் பிள்ளைக்குச் சில வாரங்களில் துடிப்பு சீக்கிரம் இறங்கும். இதயமும் ஒரு தசைதான், பழகப் பழக ஒரே துடிப்பில் அதிக ரத்தம் தள்ளும் என்று அப்போது சொல்லுங்கள். வாரம் ஒரு முறை, அதே நேரத்தில் எண்ணினால் போதும். காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருந்தால் எண் கூடும், அந்த வாரம் விட்டுவிடுங்கள். அண்ணன் தம்பிக்குள் ஒப்பிடவே வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும்.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம், கிளித்தட்டும் நொண்டியும் சைக்கிளும் கணக்கில் சேரும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. தசைக்கும் எலும்புக்கும் வலு தரும் ஆட்டம் வாரம் 3 நாளாவது வேண்டும். அதற்கு நம்மூர் ஆளையே காட்டலாம்: வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வென்றவர். சின்னப் பிள்ளைக்கு எடை தேவையில்லை, தாண்டுவதும் ஏறுவதும் போதும்.

தப்பு செய்ததற்கு மைதானத்தைச் சுற்ற வைக்காதீர்கள். ஓட்டம் என்றாலே பிள்ளைக்குத் தண்டனை என்று பதிந்துவிடும். வீசிங்கோ இதயக் கோளாறோ உள்ள பிள்ளைக்கு டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள். ஆட்டத்தில் தலை சுற்றினால் உடனே நிறுத்தி, நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.