எண்ணெய் போட்டேனே! பழைய ராணுவத் துப்பாக்கியும் மடக்குக் கத்தியும் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சுடுதளத்தில் ஒரு பையன் தன் மோசின்-நாகன்ட் என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிளை ஆசையாகக் காட்டினான். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறதாம். பேரலுக்குள் (குண்டு பாயும் குழாய்) வெள்ளைத் துணியை விட்டு இழுத்தேன். செங்காவி நிறத்தில் வந்தது. "சுட்டதும் எண்ணெய் போட்டேனே அண்ணா" என்றான். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை.

முனையை யார் பக்கமும் திருப்பாதே, விசையில் விரல் வைக்காதே என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை விடுவோம்.

உப்பின் மேல் எண்ணெய் பூசுவது

பழைய ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பிரைமரில் (அடிப்பக்கத்தில் அடி வாங்கித் தீப்பொறி விடும் பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிப் பேரல் நெடுகப் படிந்துவிடும். பெயர்தான் பெரிது, ஆள் சமையல் உப்பின் பங்காளி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே மாதிரி இதுவும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் வந்தால் துரு வரும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் பூசுகிறவர் உப்புக்குப் போர்வை போர்த்திவிடுகிறார், அவ்வளவுதான். அடியில் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

என் கதையும் இதுதான். 440 தோட்டா அடைத்த சோவியத் தகரப்பெட்டி ஒன்று வாங்கியிருந்தேன். அந்த ஜோரில் ஒரே மதியத்தில் அறுபது சுட்டேன். தோள் கன்றிப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்த் துணியை இரண்டு தடவை இழுத்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பேரலுக்குள் சுருள் சுருளாக ஓடும் புரிகளுக்கு இடையே பள்ளம் பள்ளமாகத் துரு. போருக்குப் போய் வந்தபோதுகூடக் கெடாத பேரல், என் அலமாரியில் கெட்டது. துருவைத் தேய்த்து எடுக்கலாம், பள்ளத்தை என்ன செய்வது? பேரலை மாற்றினால் அப்புறம் அது சேகரிப்புப் பொருளே இல்லை.

இன்னும் எரிச்சலாக இருப்பதற்குக் காரணம், இதற்கு மருந்து வெறும் வெந்நீர். லீ-என்ஃபீல்டு ரைஃபிள் வைத்திருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பேரலில் கொதிநீர் ஊற்றவென்றே புனல் வைத்திருந்தார்கள். எனக்குத் துப்பாக்கி விற்றவரோ அமோனியா கலந்த ஒரு பாட்டிலைத் தலையில் கட்டினார். அமோனியா செம்புக் கறையைக் கரைக்கும், உப்பை ஒன்றும் செய்யாது. அந்தப் பாட்டிலில் உருப்படியாக இருந்தது தண்ணீர் மட்டும்தான்.

சுட்ட அன்றைக்கே, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கழற்றி, தோட்டா நுழையும் பக்கத்திலிருந்து கொதிநீரை இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள். பேரல் சூடாகிவிடுவதால் தானே காய்ந்துவிடும். அப்புறம் துணி, அதற்கும் அப்புறம்தான் எண்ணெய். போல்ட் முகப்பையும் பிரைமரை அடிக்கும் ஊசியையும் கழுவ மறக்க வேண்டாம். வாயு அழுத்தத்தால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எஸ்கேஎஸ், கராண்ட் போன்ற ரைஃபிள்களில் வாயுக் குழாயும் பிஸ்டனும் சேர்த்தி. ‘அரிக்காது’ என்று பெட்டியில் ஒட்டியிருந்தாலும் நான் கழுவிவிடுவேன். லேபிளை யார் எப்போது ஒட்டினார்களோ!

புதுசாக்குவது

உப்புக்காவது அறியாமை என்று சொல்லலாம். இது ஆசையால் வருவது. துப்பாக்கியின் மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்தால் ஆயுதச்சாலை முத்திரை போய்விடும். பிரிட்டிஷ் ராணுவ மடக்குக் கத்தியைப் பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் அரசு உடைமை என்று காட்டும் அகன்ற அம்புக்குறி முத்திரை மங்கிவிடும். 1961 மாதிரி சுவிஸ் சிப்பாய்க் கத்தியில் அலகின் அடியில் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும், அதையும் சிலர் பளபளவென்று அழித்துவிடுகிறார்கள். கார்பன் எஃகில் வரும் நீலச் சாம்பல் நிறம் துரு இல்லை, அதை விட்டுவிட வேண்டும். சிவப்பாகப் பொடி உதிர்ந்தால் மட்டும் எண்ணெய் தொட்டு மெல்லத் துடையுங்கள். கண்ணாடி போல மின்னும் ஒரு பழைய கத்தியை யாராவது பெருமையாக நீட்டும்போது எனக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை.

போல்ட் தலையை ஊகத்தில் மாற்றுவது

லீ-என்ஃபீல்டு நம்பர் 4-க்குப் போல்ட் நுனியில் மாட்டும் தலைகள் நீளத்தைக் காட்ட 0 முதல் 3 வரை எண் போட்டு வரும். எண்ணை நம்பாதீர்கள், ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட் முகப்புக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியைச் சோதிக்கும் அளவுகோல்) வைத்து அளந்த பிறகு சுடுங்கள்.

8,00,000-க்குக் கீழே வரிசை எண் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு 1903

இந்த அமெரிக்க ரைஃபிள் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் செய்ததென்றால் சுடாமல் சுவரில் மாட்டுங்கள். அந்தக் கால எஃகுப் பதம் சரியில்லை.

தோல் உறையிலேயே போட்டு வைப்பது

வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எல்லாக் கத்தியும் ஒரே டப்பாவில்

செல்லுலாய்டு (அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்) பிடி பழசானால் சிதையத் தொடங்கி அமில ஆவி விடும். பக்கத்தில் இருக்கும் எஃகெல்லாம் துருப்பிடிக்கும். எனக்கு ஒரே டப்பாவில் மூன்று கத்திகள் போயின. மூடியைத் திறக்கும்போதெல்லாம் லேசான கற்பூர வாசனை வரும். அது அந்தப் பிடியிலிருந்து வருகிறது என்று தெரியாமல் முகர்ந்து ரசித்துக்கொண்டு வேறு இருந்தேன்.