முற்றத்து மழைமானி: ஒவ்வொரு கவிழ்வையும் எழுதி வைக்கும் கோட்

வன்னியில் மழை ஊருக்கு ஊர் மாறும். மாங்குளத்தில் வெள்ளம் நிற்க, கிளிநொச்சியில் மண் நனையாத நாள்களும் உண்டு. மேலே பெய்கிற மழை கனகராயன் ஆறு வழியே இரணைமடுவுக்கு இறங்குவதால், குளம் வான் பாய்வதை வைத்து உங்கள் வயலில் எவ்வளவு விழுந்தது என்று சொல்லவும் முடியாது. காலபோக விதைப்புக்கு நாள் பார்க்கிற வீட்டுக்கு முற்றத்திலேயே ஒரு மானி வேண்டும். கோட் எழுதத் தெரிந்தவருக்கு இது இரண்டு சனி ஞாயிறு வேலை. எண்ணுகிற பகுதி சில வரிகளில் முடிந்துவிடும். பெய்யாத மழையை எண்ணாமல் தடுப்பதற்குத்தான் மிச்ச நேரமெல்லாம் போகும்.

வாங்க வேண்டியவை

முதலாவது, கவிழ்வாளி மழைமானி உணரி. உள்ளே ஏறி இறங்கு பலகைபோல இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் கவிழ்ந்து மற்றது மேலே வரும். அந்த நேரம் ஒரு காந்தம், காந்தம் நெருங்கினால் மூடுகிற ரீட் சுவிச்சைக் கடக்க, தொடர்பு ஒரு கணம் மூடித் திறக்கும். பரவலாக விற்கிற சின்ன பிளாஸ்ரிக் வகையின் வாய் 11 × 5 சென்ரிமீற்றர், ஒரு கவிழ்வுக்கு 0.2794 மில்லிமீற்றர். உங்களுடையதின் வாயை அடிமட்டத்தால் அளந்தே கணக்குப் போடுங்கள்.

அதோடு வைஃபை சிப்பான இஎஸ்பி8266 உள்ள நோட்எம்சியு பலகை, டிஎஸ்3231 மணிக்கூட்டுத் துண்டு, 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று, 470 ஓம் தடையி ஒன்று, 104 என்று எழுதியிருக்கும் 100 நனோபரட் கொள்ளளவி ஒன்று, நெற்வேர்க் கேபிள் 10 மீற்றருக்குள், 5 வோல்ற் போன் சார்ச்சர்.

மணிக்கூட்டுத் துண்டில் ஒரு ஆபத்து இருக்கிறது. மலிவாக வருகிற பலவற்றில் பற்றரியைச் சார்ச் பண்ணுகிற சுற்றும் சேர்ந்திருக்கும். அதில் சாதாரண சிஆர்2032 பற்றரியைப் போட்டால் அது வீங்கலாம், வெடிக்கவும் கூடும். சார்ச் பாதையில் உள்ள டயோட்டைக் கழற்றுங்கள். இல்லையென்றால் சார்ச் ஏறக்கூடிய எல்ஐஆர்2032 போடுங்கள்.

இணைப்பு

ரீட் சுவிச்சின் ஒரு கால் கிரவுண்டுக்கு. மற்றக் கால் 470 ஓம் தடையி வழியாகப் பலகையின் டி5 பின்னுக்கு (இணைப்புக் கால்). டி5இலிருந்து 3.3 வோல்ற்றுக்கு 4.7 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 100 நனோபரட். பலகைக்குள்ளேயே, பின்னை 3.3 வோல்ற்றுக்கு இழுத்து வைக்கிற இழுதடையி இருக்கிறதே என்று இந்த 4.7 கிலோவை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது பலவீனமானது. கிணற்று மோட்டர் தொடங்கும்போதும் தூரத்தில் மின்னல் வெட்டும்போதும் நீண்ட வயரில் ஏறுகிற இரைச்சலை அது தாங்காது. ஒவ்வொரு இரைச்சலும் ஒரு கவிழ்வாகப் பதியும். கேபிளில் ஒன்றோடொன்று முறுக்கிய சோடியையே பாவியுங்கள். டி3, டி4, டி8 ஆகிய பின்களைத் தொடவேண்டாம். பலகை தொடங்கும் நேரத்தில் அவற்றின் நிலைக்கு வேறு அர்த்தம் உண்டு, வாளி தற்செயலாக நடுவில் நின்றால் பலகை எழும்பாது. மணிக்கூடு டி1, டி2இல்.

கோட்

எண்ணும் பகுதி இவ்வளவுதான்:

கவிழ்வு வந்தால்:
இப்போது = மில்லிஸ்
இப்போது − கடைசி 500க்குக் குறைவு என்றால் திரும்பு
கடைசி = இப்போது
எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

மில்லிஸ் என்பது பலகை தொடங்கியதிலிருந்து போன மில்லிசெக்கன். 500 மில்லிசெக்கன் ஏன்? ரீட் சுவிச்சின் தகடு மூடும்போதும் திறக்கும்போதும் துள்ளும். ஒரு கவிழ்வு மூன்றாக எண்ணப்படும். அரை செக்கன் அதிகம் என்று பயப்படத் தேவையில்லை. மணிக்கு 200 மில்லிமீற்றர் என்கிற பேய்மழையிலும் இரண்டு கவிழ்வுகளுக்கு இடையில் ஐந்து செக்கன் இருக்கும்.

இது இன்டரப்ட் செயல்கூறு, அதாவது பின்னின் நிலை மாறியதும் மற்ற வேலையை இடைநிறுத்தி ஓடுவது. இதை ஐராம் என்கிற, சிப்புக்குள்ளேயே இருக்கிற நினைவகத்தில் வைக்கச் சொல்லி அடையாளமிட வேண்டும். மறந்தால் பலகை அந்த இடத்திலேயே நின்று மறுபடி தொடங்கும். மாறிகளை வொலட்டைல் (எந்நேரமும் மாறக்கூடியவை) என்று அறிவியுங்கள். கோப்பில் எழுதுவதையும் வைஃபை வேலையையும் இதற்குள் வைக்காதீர்கள், அவை பிரதான சுற்றுக்கு (லூப்) உரியவை.

எண்ணிக்கையை வாசித்துவிட்டுப் பூச்சியமாக்குவது பலரும் விடுகிற பிழை. வாசிப்புக்கும் பூச்சியத்துக்கும் இடையில் ஒரு கவிழ்வு வந்தால் அது காணாமற் போய்விடும். ஏறிக்கொண்டே போக விடுங்கள்; முன்னர் பார்த்த இலக்கத்தைப் பிரதான சுற்றில் வைத்துக்கொண்டு கழித்தால் போதும்.

புதிய கவிழ்வு ஒவ்வொன்றுக்கும் அது வந்த நேரத்தை, 1970இலிருந்து எண்ணுகிற செக்கனாக, பலகையின் பிளாஷ் நினைவகத்தில் உள்ள லிட்டில்எஃப்எஸ் கோப்பில் ஒரு வரியாகச் சேருங்கள். மில்லிமீற்றராக மாற்றி எழுதவேண்டாம். ஒரு கவிழ்வுக்கு 0.2794 அல்ல 0.30 என்று ஆறு மாதம் கழித்துத் தெரிய வந்தாலும், மூலத் தரவு இருந்தால் ஒரே கணக்கில் முழுவதையும் திருத்திவிடலாம். அடிக்கடி எழுதினால் பிளாஷ் தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் ஒரு வகுத்தல் போதும். ஆண்டுக்கு 1250 மில்லிமீற்றர் பெய்தாலும் ஏறத்தாழ 4,500 வரிகள்; வரிக்கு 11 பைற், மொத்தம் 50 கிலோபைற். பிளாஷுக்கு இது ஒரு பாரமே இல்லை.

மணிக்கொரு தடவை “உயிர்” என்று இன்னொரு வரியும் எழுதுங்கள். இதை விட்டால், மழை இல்லாத நாளும் கரண்ட் இல்லாத நாளும் கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். உயிர் வரி இருந்து கவிழ்வு இல்லையென்றால் 0.0, இரண்டும் இல்லையென்றால் “தெரியாது”. விதைப்புக்குக் கணக்குப் பார்க்கிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

மணிக்கூடு எதற்கு? கரண்ட் வந்ததும் பலகை சில செக்கனில் எழும்பிவிடும், ரவுட்டர் எழும்ப ஓரிரு நிமிடம் எடுக்கும். மணிக்கூடு இல்லையென்றால் அதற்குள் விழுகிற மழை 1970ஆம் ஆண்டில் பெய்ததாகப் பதியும். டிஎஸ்3231இல் யுடிசி (உலகப் பொது) நேரத்தை வைத்து, இணையம் கிடைக்கும்போது திருத்திக்கொள்ளுங்கள்.

நாள் எங்கே முடிகிறது

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் 24 மணிநேர மழைவீழ்ச்சி காலை 8.30 உடன் முடிகிறது. நீங்கள் நள்ளிரவில் நாளை வெட்டினால் உங்கள் இலக்கத்தை அதனுடன் ஒப்பிடவே முடியாது. இங்கே ஒரு வசதி இருக்கிறது: நமது 8.30 என்பது யுடிசியில் சரியாக 3 மணி. ஆகவே கவிழ்வின் செக்கனிலிருந்து 10,800ஐக் கழித்து 86,400ஆல் வகுத்தால், முழு எண் பகுதி மழைநாளின் இலக்கம். 22ஆம் திகதி இரவு 11 மணிக்குப் பெய்ததும் 23ஆம் திகதி விடிய 6 மணிக்குப் பெய்ததும் ஒரே நாளுக்குள் வரும்; அந்த நாள் முடிகிற 23ஐயே அதற்குத் திகதியாக எழுதுங்கள்.

நடுகையும் சோதனையும்

கூரையில் பூட்டாதீர்கள்; காற்றுக்குத் தகரம் அதிர வாளி தானாகக் கவிழும். கொங்கிறீற் வேலித்தூண் நல்லது. மானிக்கு மேலே மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல இரு மடங்கு தூரமாவது தள்ளி நிற்கவேண்டும். 10 மீற்றர் மாமரம் என்றால் 20 மீற்றர்.

மேசன்மார் பாவிக்கிற ரசமட்டத்தை வைத்து இரு பக்கமும் மட்டம் பாருங்கள். பிறகு 110 மில்லிலீற்றர் தண்ணீரைச் சமையலறைத் தராசில் 110 கிராம் என்று நிறுத்து, சேலைன் ரியூப் வழியாக நிமிடத்துக்கு 40 துளி அளவில் விடுங்கள். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஓடும். 55 சதுர சென்ரிமீற்றர் வாய்க்கு இது 20 மில்லிமீற்றர் மழை. 70 முதல் 73 வரை கவிழ்வுகள் வரவேண்டும். 66 வந்தால் 20ஐ 66ஆல் வகுத்து, ஒரு கவிழ்வு 0.303 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஊற்றிச் சோதிப்பதால் பயனில்லை: வாளி கவிழ்கிற அந்தக் கணத்திலும் தண்ணீர் நிறைந்த பக்கத்துக்கே போய்க்கொண்டிருக்கும், எண்ணிக்கை குறையும். கடும் மழையில் இந்த வகை மானிகள் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான்.

சோதனை ஓடும்போது இடைவெளிகளைத் திரையில் பாருங்கள். 46, 45, 47 செக்கன் என்று வந்தால் நல்லது. 40, 52, 40, 52 என்று மாறி மாறி வந்தால் மானி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, அல்லது வாளியின் கீழுள்ள இரண்டு தடுப்புகளும் ஒரே உயரத்தில் இல்லை.

தரவு சொல்லும் கோளாறுகள்

மழை விட்டு ஓய்ந்த பிறகும் மணிக்கணக்காக ஒரே சீரான இடைவெளியில் கவிழ்வு வந்துகொண்டிருந்தால் புனல் அடைபட்டிருக்கிறது. சோளகக் காலத்தின் புழுதி முழுவதும் புனலில் படிந்து, முதல் மழைக்குச் சேறாகிவிடும். செப்ரெம்பர் முடியுமுன் கழுவி, தேநீர் வடி ஒன்றை உள்ளே பதித்து விடுங்கள்.

ஊரெல்லாம் மழை பெய்ய உங்கள் கோப்பில் ஒன்றுமில்லை, ஆனால் உயிர் வரி இருக்கிறது: மூடியைத் திறந்தால் பெரும்பாலும் குளவியின் மண்கூடு அல்லது வாளியைக் கட்டிவைத்த சிலந்தி வலை.

அரை செக்கன், அரை செக்கன் என்று வரிசையாக விழுந்தால் அது மின் இரைச்சல்; கொள்ளளவியின் ஈயப்பற்றைப் பாருங்கள். தினமும் மோட்டர் போடுகிற நேரத்துக்கு ஒரு கவிழ்வு வந்தாலும் அதே காரணம். தை மாத விடியலில் தனியாக ஒன்று வந்தால் பனியாக இருக்கலாம். எதையும் மூலக்கோப்பிலிருந்து அழிக்காதீர்கள். சந்தேகமான நேரங்களை வேறொரு கோப்பில் எழுதிவிட்டு, கூட்டும்போது தவிருங்கள்.

வீட்டுக்காரருக்குச் செய்தி

8.35க்கு ரெலிகிராம் பொட் மூலம் ஒரு வரி போதும்: “8.30 வரை 24 மணி: 34.6 மி.மீ., 124 கவிழ்வு”. தமிழை இணைய முகவரிக்குள் வைத்து அனுப்பினால் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைற், ஒவ்வொரு பைற்றும் மூன்று எழுத்து என்று பெருகும். “தண்ணீர்” என்ற ஒரு சொல்லே 63 எழுத்தாகிவிடும். செய்தியை முகவரிக்குள் அல்லாமல் உடலில் வைக்கிற போஸ்ட் முறையில் யுடிஎஃப்-8 ஜேசனாக அனுப்புங்கள்.

பக்கத்தில் நேர்ச்சுவருள்ள ரின் ஒன்றையும் வையுங்கள். வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் உள்ளே நிற்கிற தண்ணீரின் உயரமே மழையின் அளவு. பால்மா ரின்னுக்கு உள்விளிம்பு இருப்பதால் அப்படியே வைத்தால் பிழைக்கும்: வாய் 9, உடல் 10 சென்ரிமீற்றர் என்றால் 20 மில்லிமீற்றர் மழை 16 என்றே தெரியும். விளிம்பை வெட்டிவிடுங்கள். 8.30க்கு அடிமட்டத்தால் அளந்து ஊற்றிவிட வேண்டும், வெயில் ஏறினால் ஆவியாகும். இரண்டும் முரண்பட்டால் மொத்த அளவுக்கு ரின்னையும், எப்போது பெய்தது என்பதற்குக் கோப்பையும் நம்புங்கள்.