தாய்லாந்துக்கு ஊழியத்திற்குப் போகிற தம்பிகளுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட தாய்லாந்தில், சியாங் மாய் நகரத்துக்கு வெளியே ஒரு சிற்றூரில் மூன்றாம் ஆண்டாக மிஷனெரியாக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். விரைவில் இங்கே வரவிருக்கும் இரண்டு தம்பிகள், "அண்ணே, முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருந்தார்கள். எதைச் செய்யக் கூடாது என்பதையே முதலில் எழுதுகிறேன். இதில் பல தவறுகள் நான் செய்தவை. அவற்றால் மனம் புண்பட்டவர்கள் இன்றும் என் தெருவில்தான் இருக்கிறார்கள்.

தலையாட்டுவதை விசுவாசம் என்று எண்ணாதீர்கள். நான் செய்த முதல் பெரிய தவறு அதுதான். தாய்லாந்து மொழியில் 'கிரெங் ஜை' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் தரக் கூடாது, முகம் வாட விடக் கூடாது என்கிற தயக்கம் அது. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒரு மணி நேரம் பேசினால் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். "ஜெபிக்கலாமா?" என்றால் கைகூப்புவார்கள். "இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்றால் ஆம் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். உங்களை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. முதல் மூன்று மாதங்களில் பதினொரு பேர் இரட்சிக்கப்பட்டதாக ஊருக்கு எழுதினேன். அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் பிறகு ஆராதனைக்கு வரவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. எனக்கு மரியாதை செய்தார்கள். அதை எண்ணிக்கையாக மாற்றியது நான்தான்.

அனுப்புகிற சபைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மாதந்தோறும் "எத்தனை ஆத்துமாக்கள்?" என்று கேட்கும் பெரியவர்களிடம் பக்கத்து நாடான பர்மாவின் கதையை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் அங்கே போய்ச் சேர்ந்தது 1813இல்; முதல் ஞானஸ்நானம் 1819இல். ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். சியாங் மாய்க்கு 1867இல் வந்த அமெரிக்க மிஷனெரி டேனியல் மெக்கில்வரியின் குடும்பம், கோட்டைக்கு வெளியே வழிப்போக்கர் தங்கும் ஒரு சாவடியில்தான் முதலில் குடியிருந்தது. இவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கவே ஊர் திரண்டு வந்ததாம். ஊர் உங்களைப் பார்த்து முடிக்கட்டும். அதற்கு முன்பே பிரசங்கிக்கத் தொடங்காதீர்கள்.

அடுத்தது மொழி. தாய்லாந்து மொழியில் 44 மெய்யெழுத்துகளும் ஐந்து தொனிகளும் உண்டு. 'க்லை' என்பதைச் சமமான குரலில் சொன்னால் 'தூரம்', குரலை இறக்கிச் சொன்னால் 'பக்கம்'. "கடவுள் பக்கத்தில் இருக்கிறார்" என்று சொல்ல நினைத்து, அவர் வெகு தூரத்தில் இருக்கிறார் என்று நான் பல வாரங்கள் சாட்சி சொல்லியிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை, அதுவும் கிரெங் ஜைதான். ஆங்கிலம் தெரிந்த நான்கு இளைஞர்களோடு நின்றுவிடுவது இன்னும் மோசம். ஓர் ஆண்டாவது படிப்புக்கென்றே ஒதுக்குங்கள். அதை ஊழியம் தொடங்குவதற்கு முன்பான காலம் என்று நினைக்க வேண்டாம். சந்தையில் கீரை விற்கும் அம்மாளிடம் திருத்தம் கேட்டு நிற்பதும் ஊழியம்தான்.

தமிழர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. பாலி, சமஸ்கிருத வழியாக வந்த சொற்கள் இங்கே ஏராளம். நம் பாவம் இங்கே 'பாப்', புண்ணியம் 'புன்', கர்மம் 'கம்', சொர்க்கம் 'சவன்'. பாதி மொழி தெரிந்துவிட்டது என்ற மகிழ்ச்சி வரும். சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. "நாம் எல்லாரும் பாவிகள்" என்றால், உயிர்க்கொலை செய்த கொடியவன் என்று தம்மைச் சொல்வதாகவே என் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். கோழியைக்கூட அவர் கையால் அறுத்ததில்லை. யோவான் 3:16இன் 'நித்திய ஜீவன்' இன்னும் சிக்கலானது. பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதையே நாடும் பௌத்தருக்கு, முடிவே இல்லாத வாழ்வு என்பது தண்டனையைப் போலவும் கேட்கும். நான் இப்போது அந்த வசனத்தில் தொடங்குவதில்லை. தகப்பனை விட்டுப் போன இளைய குமாரனின் கதையில் தொடங்குகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. பெற்றோருக்குப் பட்ட நன்றிக்கடனை இங்கே 'புன் குன்' என்பார்கள். மகன் சில வாரங்களாவது துறவியாகி மடத்தில் இருந்தால் அதன் புண்ணியம் பெற்றோரைச் சேரும் என்பது நம்பிக்கை. அவன் கிறிஸ்தவனாகும்போது, தங்களுக்கு வர வேண்டியது போய்விட்டது என்று தாய் அழுகிறாள். அந்த அழுகையை எதிர்ப்பு என்றோ சாத்தானின் தந்திரம் என்றோ பெயரிடாதீர்கள். மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறிக்கும் முன் அந்தத் தாயின் திண்ணையில் போய் உட்காருங்கள். ஒரு முறை போதாது. வீட்டுச் சாவுக்குப் போகாதே, தாத்தாவின் படத்துக்கு முன் நிற்காதே என்று அந்தப் பையனுக்கு நீங்களாகச் சட்டம் எழுதவும் வேண்டாம். எதில் நிற்கலாம், எதில் விலகலாம் என்று இங்குள்ள சபை மூப்பர்களுக்குத் தெரியும். சியாங் மாயில் 1868 முதல் சபை இருக்கிறது. மலைகளில் கரேன், லாஹு பழங்குடி மக்களிடையே தலைமுறைகளாக விசுவாசிகள் இருக்கிறார்கள். நாட்டில் கிறிஸ்தவர் சுமார் 1 சதவீதம்தான் என்றாலும், கர்த்தர் நம்மோடு விமானத்தில் வந்து இறங்கவில்லை. அவர் முன்பே இங்கே இருக்கிறார்.

நடைமுறைக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை யாரை நோக்கியும் நீட்டாதீர்கள், புத்தர் சிலையை நோக்கி ஒருபோதும் வேண்டாம். குழந்தையின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பது நமக்கு இயல்பு. இங்கே தலை மிக உயர்ந்த உறுப்பு, பெற்றோரிடம் கேட்ட பிறகே தொடுங்கள். சகோதரிகள் பிக்குகளைத் தொடக் கூடாது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் ஒலித்தால் நின்றுவிடுங்கள். அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகவும் பேச வேண்டாம், சட்டம் கடுமையானது. சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்யாதீர்கள். மதப் பணியாளருக்கென்று தனி விசா இருக்கிறது. 90 நாளுக்கு ஒரு முறை முகவரியைப் பதிய வேண்டும். விசுவாசத்தால் போகிறேன் என்று சொல்லிக் காகிதத்தில் பொய் எழுதுகிறவரை இந்த மக்கள் ஏன் நம்ப வேண்டும்?

குரலையும் கவனியுங்கள். நம் ஊர்க் கூட்டங்களில் உரத்த குரல் என்றால் அபிஷேகம். இங்கே அது 'ஜை ரோன்', சூடான மனம். அமைதியாகப் பேசத் தெரியாதவருக்குச் சொல்ல ஏதுமில்லை என்றுதான் முடிவு கட்டுவார்கள்.

உடல் இங்கேயும் உள்ளம் ஊரிலுமாக வாழும் தவறு கைப்பேசி வழியாக வருகிறது. ஊரில் இரவு பத்தரை என்றால் இங்கே பன்னிரண்டு. அம்மாவோடும் நண்பர்களோடும் தினமும் பேசி முடித்துத் தூங்கினால், விடியற்காலையில் ஜெபிக்க எழுந்திருக்க முடியாது. தெருவே விழித்திருக்கும் அந்த நேரத்தை இழந்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை சொந்தச் சபையின் ஆராதனையை இணையத்தில் பார்த்துவிட்டு, புரியாத தாய்லாந்து மொழி ஆராதனைக்குப் போகாமலிருக்கும் ஆசையும் வரும். போங்கள். ஆறு மாதம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருங்கள். அந்தச் சபையின் பாட்டிமார் உங்களுக்காக ஜெபிக்கத் தொடங்குவது அப்போதுதான்.

வேதத்தைப் பிரசங்கக் குறிப்புக்காக மட்டும் திறப்பது, ஓய்வு நாளே எடுக்காமல் ஓடுவது, சோர்வை மறைத்து "கர்த்தர் நல்லவர்" என்று மட்டும் எழுதுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஓர் ஆண்டுக்குள் மனம் வறண்டுவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஜெபிக்க வார்த்தையே வராமல் போன ஒரு மாதத்தில், தெருக்கோடியில் இருந்த வயதான போதகர் ஒருவரிடம் அதைச் சொல்லி அழுதேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது நாள் தினமும் மாலையில் வந்து, நான் வாய் திறக்காதபோதும் எனக்காக ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போனார். அப்படி ஒருவரைத் தனிமை முற்றும் முன்பே தேடிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஜெபக் கடிதம். முதல் ஆண்டில், பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலிலுள்ள ஆவி மாடத்துக்கு (காவல் ஆவிகளுக்கென்று வைக்கும் சிறு வீடு) பூ வைப்பதைப் படம் எடுத்து, "இருளில் கிடக்கும் ஜனங்கள்" என்று எழுதி இணையத்தில் போட்டேன். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் அதைக் கைப்பேசியில் மொழிபெயர்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்தவர் அவர். போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்று சிரித்தார். அது கிரெங் ஜை என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. நான்கு மாதம் அவர் என் வாசலுக்கு வரவில்லை.

இப்போது யாரைப் பற்றி எழுதினாலும், அனுப்பும் முன் அவருக்குத் தாய்லாந்து மொழியில் வாசித்துக் காட்டுகிறேன். படமும் அவர் சம்மதித்தால்தான். போன மாதக் கடிதத்தில் பெரியம்மா ஒரு வரியை எடுக்கச் சொன்னார். பிறகு ஒரு வரியைச் சேர்க்கவும் சொன்னார்: இடது முழங்காலில் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை, உங்கள் ஊர்க்காரர்களை ஜெபிக்கச் சொல்.