நூலகத்தின் உள்தளத்தை மாற்றுமுன் பணியாளர்களிடம் கேட்பது எப்படி?

வாசகர் பார்க்கும் இணையதளம் வேறு. டியூட்டி பட்டியல், விடுப்புப் படிவம், கோஹா என்ற நூலக மென்பொருளின் கையேடு, கொள்முதல் விதிகள் எல்லாம் கிடக்கும், பணியாளர்கள் மட்டும் பார்க்கும் உள்தளம் (இன்ட்ராநெட்) வேறு. அதைப் பற்றி யாரும் புகார்கூடச் சொல்வதில்லை. பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அதனால் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று சுற்றறிக்கை விட்டால் "நன்றாக இருக்கிறது", "தேடும் வசதி வேண்டும்" என்ற இரண்டு பதில்தான் திரும்பி வரும். விருப்பத்தைக் கேட்காதீர்கள், கடைசியாக எதைத் தேடினார்கள், எங்கே சிக்கினார்கள் என்று கேளுங்கள்.

கீழே உள்ள அளவுகள் 30, 40 பேர் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கு. ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

1. இருப்பதைக் கணக்கெடுங்கள்

எக்செல்லில் நான்கு பத்திகள் போதும்: பக்கத்தின் பெயர், பொறுப்பாளர், கடைசியாகத் திருத்திய தேதி, மூன்று மாதப் பார்வைகள். முகப்புப் பக்கத்தின் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். கவுன்டர் கணினிகளில் பிரவுசரைத் திறந்தாலே அது வரும்படி வைத்திருப்பார்கள். பொறுப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றால் அந்தப் பத்தி காலி என்றே கொள்ளுங்கள்.

2. பக்கத்தில் உட்காருங்கள்

பிரிவுக்கு ஒருவர், ஆளுக்கு 20 நிமிடம். மாலை ஷிஃப்ட், பைண்டிங், பருவ இதழ்ப் பிரிவு எதையும் விட வேண்டாம். கேள்வி கேட்பதற்கு முன் மேசையைப் பாருங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டு, கண்ணாடிக்கு அடியில் இன்டர்காம் எண்கள், அபராத விகிதம் எழுதிய அட்டை. உள்தளம் தந்திருக்க வேண்டியதும் தராமல் விட்டதும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருத்துக் கணிப்பிலும் இது கிடைக்காது.

3. கேள்வித்தாள்

எட்டுக் கேள்விக்கு மேல் வேண்டாம்.

தவறு: "தேடல் வசதி திருப்தியாக உள்ளதா?"
சரி: "கடந்த வாரம் உள்தளத்தில் எதைத் தேடினீர்கள்? கிடைக்காதபோது என்ன செய்தீர்கள்?"

கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிடுங்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற அமைப்பையும் போடாதீர்கள்; அது உள்நுழையச் சொல்லும், உடனே பெயர் பதிவாகிறதோ என்ற சந்தேகம் வரும். இன்னொரு கண்ணி: மூன்று பேர் உள்ள பிரிவில் பிரிவின் பெயரையும் பணி அனுபவத்தையும் சேர்த்துக் கேட்டால், பெயர் கேட்காமலே ஆள் தெரிந்துவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் கேளுங்கள். தனிக் கணினி இல்லாதவர்களுக்கு அச்சுப் பிரதியும் பூட்டிய பெட்டியும் வையுங்கள். பத்து நாள் அவகாசம், நடுவில் ஒரே ஒரு நினைவூட்டல்.

4. அட்டை அடுக்கல்

மெனுவை எப்படிப் பிரிப்பது என்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. பழைய கேட்லாக் அட்டைகள் மூட்டை கட்டிக் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் வெற்றாக இருக்கும். அட்டைக்கு ஒரு பக்கத்தின் பெயர், மூலையில் ஓர் எண், 40 அட்டை. ஒன்றோடொன்று சேர்வதாகத் தோன்றுபவற்றைக் குவியலாக வைத்து, குவியலுக்குப் பெயரிடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் முடியும். அட்டைகளைக் கலைக்குமுன் மேசையைப் போட்டோ எடுங்கள்.

எத்தனை பேர்? பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் சொல்லும் கணக்கு 15. தனித்தனியாக அமர்த்துங்கள். மூவரைச் சேர்த்து உட்காரவைத்தால், மூத்தவர் வைத்த குவியலில்தான் மற்ற இருவரும் வைப்பார்கள்.

அடிக்கடி கெடுவது சொல்லால். "விடுப்புப் படிவம்", "கொள்முதல் படிவம்", "பழுதுப் படிவம்" என்று எழுதினால் மூன்றும் ஒரே குவியலுக்குப் போகும். வேலையைப் பார்க்காமல் சொல்லைப் பார்த்து அடுக்குவார்கள். "விடுப்பு கேட்க", "புத்தகம் வாங்கப் பரிந்துரைக்க", "பிரின்டர் பழுது" என்று எழுதுங்கள்.

15 பேரில் 11 பேராவது சேர்த்து வைத்தவை ஒரே மெனுவுக்குள் போகட்டும். 6 முதல் 10 வரை என்றால் ஓரிடத்தில் பக்கம், மற்றோர் இடத்தில் இணைப்பு. இது எங்கள் கைக்கணக்கு. ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் குற்றமில்லை.

5. புது மெனுவைச் சோதியுங்கள்

வடிவமைப்பு எதுவும் இல்லாமல் வெறும் மெனுவைத் தாளில் எழுதி, அட்டை அடுக்காத ஐந்து பேரிடம் பத்து வேலைகள் கொடுங்கள். "நாளை மாலை கவுன்டரில் யார்?", "பார்கோடு லேபிள் தீர்ந்துவிட்டது, எங்கே கேட்பீர்கள்?" மெனுவில் உள்ள சொல் கேள்வியில் வரக்கூடாது, வந்தால் விடையை நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். மூவர் ஒரே இடத்தில் தவறினால் மெனுவின் பெயரை மாற்றுங்கள்.

6. பதில் சொல்லுங்கள்

இரண்டு வாரத்துக்குள் மூன்று பத்தி அட்டவணை ஒன்று: சொன்னது, செய்தது, செய்யாததற்குக் காரணம். மூன்றாவதை விட்டுவிட்டால் அடுத்த முறை பெட்டியில் தாள் விழாது. "சம்பளச் சீட்டு இங்கேயே வேண்டும்" என்று கேட்டிருந்தால், "அது நிதிப் பிரிவின் மென்பொருளில் உள்ளது, முகப்பில் இணைப்பு மட்டும் தருகிறோம்" என்று அப்படியே எழுதுங்கள். ஒரு பிரதியை வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.